ஓராண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்கு 9 வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். கணக்கும் அறிவியலும் தடையில்லாமல் போகின்றன, வரலாறுதான் தகராறு. கதையாகச் சொன்னால் வாய் பிளந்து கேட்கிறான். முடித்ததும் ‘எந்த ஆண்டு? யார் ஜெயித்தது?’ என்று கேட்டால் எழுந்து ஓடிவிடுகிறான். ஆதியிலிருந்து காலவரிசைப்படி தொடங்க வேண்டுமா? எந்தப் புத்தகம் நல்லது? சரித்திரப் படங்களைக் காட்டலாமா? பள்ளிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நேற்று, ‘டைனோசரை வேட்டையாடிய ராஜா யார்?’ என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டும் வேண்டாம். சில நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் பையன் ஒரே வரியில் கேட்டுவிட்டான். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான்.

பின்தங்குவது பற்றிப் பேசப்போவதில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகும் அதன் மணியோசைக்கு எழுந்து நிற்கிறீர்கள். படங்கள் காட்டுங்கள், தவறில்லை. புத்தகம் எதுவானாலும் அவன் கீழே வைக்காமல் படித்தால் போதும். ஆனால் கதை முடிந்ததும் கேள்வி கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாய் பிளந்து கேட்ட பிள்ளையை விசாரணைக் கைதி ஆக்குகிறீர்கள், ஓடாமல் என்ன செய்வான்? கதையின்போது வீட்டில் இல்லாத ஒருவரிடம் மாலையில் அவனே அதைச் சொல்லட்டும். எது மனதில் நின்றது, எது நழுவியது என்பது அப்போதே தெரிந்துவிடும். நழுவியதை உடனே திருத்தாதீர்கள்.

இனி டைனோசர் வேட்டையாடிய ராஜா. அவனுக்கு டைனோசரும் தெரியும், ராஜாவும் தெரியும். தெரியாதது இடைவெளி. குழந்தையின் மனதில் ‘அந்தக் காலம்’ என்று ஒரே ஓர் அறைதான் உண்டு. பழையது எல்லாவற்றையும் அதற்குள் போட்டு அடைத்து வைத்திருக்கும். ஆண்டுகளை ஒப்பிக்க வைத்தால் அறைக்குள் எண்களும் சேருமே தவிர, அறை நீளாது. நீளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும்.

அதற்குச் சுவரில் ஒட்ட ஒரு நீண்ட காலப்பட்டை செய்யுங்கள். ஏ4 தாள் பதினொன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 22 துண்டுகள் வரும். 21 போதும். ஓராண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். துண்டின் நீளம் 297 மில்லிமீட்டர். அதில் 250-ஐ மட்டும் ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டு, மிச்சம் 47-ஐ அடுத்த துண்டுக்கு அடியில் போகும் ஒட்டு விளிம்பாக விடுங்கள். சிக்கனம் பார்த்து ஒரு துண்டுக்கு 300 ஆண்டு என்று எடுத்தால், மூட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் வீதம் கடைசியில் ஐம்பது ஆண்டு காணாமல் போயிருக்கும். கி.மு. 3000-இல் தொடங்கினால் பன்னிரண்டாவது துண்டின் முடிவில் கி.மு. முடியும். அங்கே பூஜ்யம் எழுதிவிடாதீர்கள், கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. கடைசித் துண்டில் இன்றைக்குப் பிறகு இருபது சென்டிமீட்டருக்கு மேல் வெற்றுத் தாளாக நிற்கும். அதை வெட்ட வேண்டாம்.

மொத்தம் ஐந்தேகால் மீட்டர். ஒரு சுவர் போதாவிட்டால் மூலையில் மடக்கி அடுத்த சுவருக்குக் கொண்டுபோங்கள். அவன் கண் உயரத்தில் இருக்க வேண்டும், உங்கள் கண் உயரத்தில் அல்ல.

முதலில் அவன் வாழ்நாளை ஒட்டச் சொல்லுங்கள். ஒன்பது மில்லிமீட்டர், விரல் நகத்தின் அகலம்கூட வராது. எழுபது வயதுப் பாட்டிக்கு ஏழு சென்டிமீட்டர். நிகழ்ச்சிகளுக்குப் புள்ளி, மனிதர்களுக்குப் பட்டை. இந்தப் பட்டைகள்தான் சுவாரசியம். பாரசீக மருத்துவ அறிஞர் இப்னு சினாவுக்கு (980–1037) 57 மில்லிமீட்டரில் ஒன்று வெட்டி, அதன் கீழே ராஜேந்திர சோழனின் ஆட்சிக்காலத்துக்கு (1014–1044) 30 மில்லிமீட்டரில் ஒன்று ஒட்டினால், 23 மில்லிமீட்டர் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். இரண்டு வெவ்வேறு கதைகளில் வந்தவர்கள் ஒரே காலத்தவர்கள் என்பதை அவனே கண்டுபிடிப்பான். எகிப்து மன்னன் கூஃபுவின் பெரிய பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560. அங்கிருந்து எகிப்து அரசி கிளியோபாட்ரா இறந்த கி.மு. 30 வரை இரண்டரை மீட்டர். அவளிடமிருந்து மனிதன் நிலவில் கால்வைத்த 1969 வரை இரண்டு மீட்டர்தான். அளவுநாடாவை அவன் கையில் கொடுங்கள்.

கெடுவது மூன்று இடங்களில். ஐந்து சென்டிமீட்டர் அகலப் படத்தைக் காலப்பட்டைமேலேயே ஒட்டினால் ஐம்பது ஆண்டை மூடிவிடும். படத்தை மேலே ஒட்டிச் சரியான மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இறக்குங்கள். புத்தரின் காலம் போல அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லாதவற்றுக்குப் பட்டையின் ஓரங்களைப் புள்ளிக்கோடாக விடுங்கள். ‘ஏன் இது மட்டும் இப்படி?’ என்று அவன் கேட்கும்போது, பழையதை நாம் எப்படி அறிகிறோம் என்ற பேச்சு தொடங்கும். மூன்றாவது, பெரியவர்கள் தவறாமல் செய்வது. கடைசி இருநூறு ஆண்டுகளுக்கு இருபது சென்டிமீட்டர்தான் கிடைக்கும், இரண்டாம் உலகப் போர் முழுவதும் ஆறு மில்லிமீட்டர். நெருக்கடி தாங்காமல் அந்த இடத்தை மட்டும் இழுத்து அகலமாக்குவார்கள். செய்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். வேறு நிறத் தாளில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டராக இரண்டு மீட்டருக்குத் தனிப்பட்டை செய்து கீழே தொங்கவிட்டு, மேல்பட்டையின் அந்த இருபது சென்டிமீட்டரோடு நூலால் இணையுங்கள்.

அச்சிட்ட காலவரிசைப் படம் வாங்கி மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், அவனுக்கு ஒட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. அவன் கதையில் சந்தித்தவர்கள் மட்டுமே சுவருக்கு ஏறலாம். ஆறு மாதத்தில் ஆறு பேர்தான் என்றாலும் சரி.

காலவரிசைப்படி சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த வரிசையிலும் சொல்லுங்கள், சுவர் அடுக்கிக்கொள்ளும்.

டைனோசரை எங்கே ஒட்டுவது என்று கட்டாயம் கேட்பான். கணக்கை அவனிடமே விடுங்கள். உழவு தொடங்கிய காலத்துக்கே சுவரைத் தாண்டி வாசல்பக்கம் போக வேண்டும், ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர். நம் இனத்தின் முதல் மனிதர்களுக்கு 300 மீட்டர். அதை அவனோடு நடந்து காட்டிவிடலாம். கடைசி டைனோசர்களுக்கு 66 கிலோமீட்டர், அதற்கு வண்டி பிடிக்க வேண்டும்.