வெள்ளம் வடிந்த பிறகும் பிழைப்பு ஏன் திரும்புவதில்லை?

தண்ணீர்தான் சில நாளில் வடிந்துவிடுகிறதே, அப்புறம் ஏன் மாதக்கணக்கில் கஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் ஊருக்குள் புகுந்தது.

உப்பளத்தைப் பாருங்கள். மழை மாதங்களில் எப்படியும் வேலை இருக்காது. கடன் வாங்கித்தான் அடுப்பு எரியும். ஜனவரியில் பாத்தியைச் சரிசெய்ய இறங்கினால்தான் கூலி வரத் தொடங்கும். வெள்ளம் அதே பாத்தியில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனால், அதை அள்ளி, தரையை மிதித்து இறுக்கி, மறுபடி உப்பு விளைவதற்குள் சீசனில் பாதி போய்விடும். விற்காமல் குவித்து வைத்திருந்த அம்பாரமும் கரைந்திருக்கும். அது முதலாளியின் நஷ்டம்தான், ஆனால் அடுத்த ஆண்டு முன்பணம் கேட்கும்போது தொழிலாளி தலையில்தான் வந்து விடியும்.

வாழைக்கு வேரில் சில நாள் தண்ணீர் நின்றாலே போதும், அழுகிவிடும். நகையை அடகு வைத்து நட்டவருக்கு வட்டி மட்டும் நிற்காது.

வீட்டுக்குள்? மூட்டையில் அரிசி ஊறிப் புளித்த வாடை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பட்டாவையும் ரேஷன் கார்டையும் பிரித்துத் திண்ணையில் காயவைக்கும் பாட்டி. அரசு தந்த 6,000 ரூபாய் நிவாரணம் மிக்ஸி, பாய், தலையணைக்கே சரியாகப் போயிருக்கும்.