எக்ஸ்-பிளேன் விமான சிமுலேட்டரில் பெங்களூரு நிலப்பரப்பை நாமே செய்வது எப்படி?

ஆர்த்தோ4எக்ஸ்பி (வான்படங்களிலிருந்து நிலப்பரப்பு செய்யும் மென்பொருள்) போதும். ஆனால் ஒரு கட்டம் போதாது. மென்பொருள் நிலத்தை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி ஒரு பாகைக் கட்டங்களாக வெட்டும். ஹெச்ஏஎல் ஓடுதளமும் பெல்லந்தூர் ஏரியும் 12 வடக்கு, 77 கிழக்குக் கட்டத்தில். தேவனஹள்ளியும் நந்தி மலையும் 13, 77இல். ஒன்றை மட்டும் செய்தால் மல்லேஸ்வரம் பக்கத்தில் நகரம் கத்தரித்தது போல நிற்கும்.

வான்படத்தின் ஜூம் அளவு 16 (ஒரு பிக்சலுக்குச் சுமார் 2.3 மீட்டர்) பொதுவாகப் போதும், விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18 வையுங்கள். ஒவ்வொரு படி கூட்டும்போதும் டிஸ்க் இடம் நான்கு மடங்காகும்.

நந்தி மலைப் பாறைச் சரிவு மழுங்கித் தெரிந்தால், கர்வேச்சர் டாலரன்ஸை (நில வளைவில் எவ்வளவு பிழை விடலாம் என்ற அமைப்பு) 2இலிருந்து 1 ஆக்கி மெஷ்ஷை, அதாவது நிலத்தின் முக்கோண வலையை, மறுபடி கட்டுங்கள். முக்கோணங்கள் பெருகும், சரிவு கூர்மையாகும். ஆனால் மூல உயரத் தரவு 30 மீட்டர் இடைவெளி என்றால் அதற்கு மேல் நுணுக்கம் வராது.

ஏரிகளைக் கவனியுங்கள். நீர் எல்லை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. ஆகாயத்தாமரை மூடிய காலத்துப் படமென்றால் ஏரி புல்வெளியாகத் தெரியும். வேறு படமூலத்தை மாற்றிப் பாருங்கள்.

கட்டடமும் சாலையும் காணாமல் போனால், சீனரி பேக்ஸ் கோப்பில் (எந்த நிலப்பரப்பு மேலே என்று சொல்லும் பட்டியல்) வரிசை தவறாக இருக்கலாம். சரியான வரிசை: மேலே விமான நிலையங்கள், அடுத்து ஓவர்லே (கட்டடம், சாலை அடுக்கு), கடைசியில் ஆர்த்தோ (வான்படத் தரை).