‘இலவச சிகிச்சை’ என்று செய்தியில் எழுதினால் என்ன தவறு?

வார்த்தைதானே என்று விட முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதை ‘இலவச மாத்திரை’ என்று எழுதினால் பேச்சு உடனே அரசுக்கு எவ்வளவு சுமை என்று போய்விடுகிறது. ‘வரிப்பணத்தில் நடக்கும் சேவை’ என்று எழுதினால், மாதாமாதம் சரியாக வருகிறதா என்று கேட்கத் தோன்றும். சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள்தானே நாம்.

முதல்வர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். தலைப்பில் ‘5 லட்சம் ரூபாய் சிகிச்சை’ என்று வரும். அது ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உச்சவரம்பு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும். அப்புறம், பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குப் பஸ், கூட இருப்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதெல்லாம் செய்தியில் செலவாகவே வருவதில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஒன்பது நாளில் எங்களைக் கடனில் தள்ளியது அதுதான்.