ஷாக் அப்சார்பர் இருந்தும் விரல்கள் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. உயரம் 165 செ.மீ., எடை 84 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எடையைக் குறைப்பதற்காக, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குலச் சக்கர மவுண்டன் பைக் வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை போய்வருகிறேன். முக்கால் மணி நேரத்தில் இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. வீடு திரும்பி அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. வலது முழங்காலின் முன்பக்கமும் வலிக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்குப் பெரிய சக்கரம் ஒத்துவராது என்கிறார்கள் நண்பர்கள். விற்றுவிடலாமா, டாக்டர்?
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: விற்க வேண்டியதில்லை. சக்கரத்தின் மீது பழி போடவும் வேண்டாம். 29 அங்குலச் சக்கரத்தின் ரிம் விட்டம் 622 மி.மீ., பழைய 26 அங்குலச் சக்கரத்தினுடையது 559 மி.மீ.; ஆகவே அச்சு உயர்வது சுமார் 3 செ.மீ. மட்டுமே. உயரத்துக்குப் பொருந்த வேண்டியது சட்டகத்தின் அளவுதான். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய நம் தெருக்களில், பள்ளத்துக்குள் விழாமல் அதன்மேல் உருண்டு செல்லும் பெரிய சக்கரம் முதுகுக்கு நல்லதே.

விரல்களுக்கு வருவோம். முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்கிறதல்லவா, அந்த அல்நார் நரம்புதான் கீழிறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமுள்ள சிறு எலும்பு மேட்டை ஒட்டிய குறுகலான வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. உடலின் பாரத்தை அந்த இடத்தில் சாய்த்து, மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கியபடி நெடுநேரம் ஓட்டினால், அந்த நரம்பு உணர்வைக் கொடுக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மரத்துப்போகின்றன. சஸ்பென்ஷன் சாலையின் அதிர்ச்சியைத்தான் வாங்கிக்கொள்ளும். உங்கள் தோள்களிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கும் எடையை அது வாங்கிக்கொள்ளாது.

சொல்லப்போனால், காற்றழுத்தம் சரியில்லாத சஸ்பென்ஷன் அந்த எடையைக் கூட்டவும் செய்யும். கடையிலிருந்து வந்த அழுத்தத்திலேயே ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முன் சஸ்பென்ஷனான ஃபோர்க்கில் காற்று குறைவாகவும் பின் சஸ்பென்ஷனான ஷாக்கில் அதிகமாகவும் இருந்தால், 84 கிலோ ஏறியவுடன் வண்டி முன்பக்கம் அமிழ்ந்து, நீங்கள் கைகளின் மீது சரிகிறீர்கள். ஃபோர்க், ஷாக் இரண்டின் பளபளப்பான தண்டிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஷூ, தண்ணீர்ப் பை சகிதம் சுவரைப் பிடித்தபடி வண்டியில் அமருங்கள். ஒருவரை அந்த வளையத்தை அடிவரை தள்ளச் சொல்லிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்திருக்கும் தூரம், முன்னால் சஸ்பென்ஷன் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கும், பின்னால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவும் இருப்பது பொதுவான அளவு; அதற்கேற்பக் காற்றைச் சரிசெய்யுங்கள். கூடவே, சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் மட்டமாக்குங்கள். பிரேக் நெம்புகோல்களைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி, முன்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். மெத்தென்ற கையுறை ஓரளவு உதவும். இவற்றைச் செய்யாமல் கையுறையை மட்டும் நம்புவது வீண்.

முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதே காரணம். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வசதியாக நம்மில் பலர் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது வேண்டிய அளவு மடக்கம் தானாக வந்துவிடும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதை விட்டு, லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி மிதியுங்கள்.

உங்கள் விஷயத்தில் சர்க்கரையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயில் நரம்புகள் அழுத்தத்துக்கு எளிதில் பாதிப்படையும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு), பி12 இரண்டையும் பார்த்துவிடுங்கள். பாதங்களிலும் எரிச்சலோ மதமதப்போ இருந்தால், சைக்கிளை மட்டும் காரணமாகக் கொள்ள முடியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டிலேயே இரண்டைச் சோதித்துக்கொள்ளலாம். மரத்திருக்கும்போது புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்: அங்கேயும் உணர்வு குறைந்திருந்தால், கோளாறு மணிக்கட்டில் இல்லை, முழங்கையிலோ கழுத்திலோ தேட வேண்டும். அடுத்து, கட்டைவிரலை மடக்காமல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிடித்து நிறுத்தக் கட்டைவிரல் நுனி தானாக மடங்கினாலும், தாள் நழுவினாலும் தசை பலவீனமாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இரண்டு வாரங்களுக்கு முட்டுக்காட்டை விட்டுவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல், மேற்சொன்ன மாற்றங்களைச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் மரத்துப்போனாலோ, இறங்கி மணிக்கணக்கில் நீடித்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்த்து நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. தாள் நழுவினால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.