கோடையில் சிப்பி ஏன் மெலிந்து போகிறது?

ஜூலையில் வாங்கிய சிப்பி வெறும் தண்ணீராக இருந்தது, கெட்டுப்போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். மெலிந்திருப்பதாலேயே கெட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அது இனப்பெருக்கம் முடித்து ஓய்ந்த சிப்பியாக இருக்கும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாக் கரையில், சிப்பிக் குஞ்சு பொரிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். இங்கே வளரும் 'கிழக்குச் சிப்பி' என்ற இனத்துக்கு நாள்காட்டி தண்ணீரின் வெப்பம்தான். இலையுதிர் காலத்தில் வயிறாரத் தின்று, கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். டிசம்பரில் ஓட்டைத் திறந்தால் சதை வெண்ணெய் நிறத்தில் திரண்டிருக்கும். நாவில் லேசாக இனிக்கும். வசந்தத்தில் நீர் சூடேறத் தொடங்கியதும் அந்தச் சேமிப்பெல்லாம் முட்டையாகவும் விந்தாகவும் மாறும். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டி நன்றாகச் சூடானபின், பெரும்பாலும் ஜூன், ஜூலையில், அத்தனையையும் கடலில் விட்டுவிடும். பிறகு மிஞ்சுவது, உள்ளே குடல் தெரியும் அளவுக்கு மெலிந்த சாம்பல் நிறச் சதை.

கூடத்தில் இதையே முன்கூட்டிச் செய்கிறோம். குளிர்காலத்திலேயே தாய்ச் சிப்பிகளை இளஞ்சூட்டு நீரில் வாரக்கணக்கில் வைத்து, தீனி கொடுத்து முதிர வைப்போம். பின் கறுப்புத் தொட்டியில் பரப்பி நீரின் சூட்டை ஏற்றுவோம். சில நாள் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென ஓர் ஆண் சிப்பியிலிருந்து புகைபோல வெள்ளை இழை ஒன்று விடாமல் கசியும். அது நீரில் கலந்ததும் மற்றவையும் தொடங்கிவிடும். பெண் சிப்பி ஓட்டைப் பட்டென்று மூடி மூடி, முட்டைகளை மேகம் மேகமாகத் தள்ளும். ஒன்றே பல லட்சம் முட்டை விடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை.

ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வராத மே முதல் ஆகஸ்ட் வரை சிப்பி தின்னாதே என்ற பழைய சொல்லில் இந்த மெலிவுக்கும் பங்குண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், வெதுவெதுப்பான நீரில் பெருகும் விப்ரியோ கிருமிகள். கோடைச் சிப்பியைப் பச்சையாகத் தின்பதில் ஆபத்து கூடுதல். நன்றாக வேகவைத்துத்தான் உண்ண வேண்டும்.

கோடையிலும் கொழுத்த சிப்பிதான் வேண்டுமென்றால், கடைக்காரரிடம் 'டிரிப்ளாய்டு' இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட பண்ணைச் சிப்பி அது. அனேகமாக மலடு என்பதால், சேமிப்பை முட்டைக்குச் செலவழிக்காமல் சதையிலேயே வைத்திருக்கும். சாதாரணச் சிப்பி மறுபடி சதை பிடிக்க, நீர் குளிர்ந்து நவம்பர் வரவேண்டும்.