கட்டைவிரல் அடியில் கழுத்து, சுண்டுவிரல் அடியில் தோள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நாள் முழுக்க பீடி சுற்றுகிறேன். கழுத்து பிடித்துக்கொள்கிறது. கையில் எங்கே அழுத்த வேண்டும்? (குடியாத்தம் வாசகி)

பதில்: உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் கையில் ஒரு இடம் உண்டு, அதை அழுத்தினால் அங்கே இதம் கிடைக்கும் என்பதுதான் கை ரிஃப்ளெக்ஸாலஜி. அதில் கழுத்துக்கு உரியது கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் அடிப்பகுதி, சுற்றிலும். மற்றக் கையின் கட்டைவிரலை மடக்கி மடக்கி, புழு ஊர்வதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அழுத்துங்கள். ஒரு கைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நகத்தை முதலில் வெட்டிவிடுங்கள். தோளும் இறுகினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேட்டின் வெளி ஓரம். அப்புறம், முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே கிடந்தால் எந்த அழுத்தமும் நிற்காது. அடியில் ஒரு தலையணை கொடுத்து முறத்தை உயர்த்துங்கள்.

கேள்வி: வலது தோள் வலிக்கு எந்தக் கை? (ஆரணி)

பதில்: வலது.

கேள்வி: கழுத்து வலி. புள்ளி சொல்லவும். (ஆற்காடு)

பதில்: வயது என்ன, எத்தனை நாளாக, எந்தப் பக்கம், விரல் மரத்துப்போகிறதா? ஒன்றுமே எழுதாமல் புள்ளி கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? விரல் மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ முதலில் டாக்டர்.

கேள்வி: ஷூ கம்பெனியில் தையல் வேலை. கட்டைவிரலில் ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டு தூங்கினால் கழுத்து வலி போகும் என்றார்கள். காலையில் விரல் நீலமாகிவிட்டது. இறுக்கம் போதவில்லையா? (ஆம்பூர்)

பதில்: போதவில்லையாவா! ரத்தம் போகாமல்தான் நீலமானது. இன்னும் இறுக்கியிருந்தால் விரலுக்கே ஆபத்து. 1917-ல் மண்டல சிகிச்சை (உடம்பை மண்டலங்களாகப் பிரித்து அழுத்தம் கொடுக்கும் முறை, இதற்கு முன்னோடி) பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்க டாக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டு ரப்பர் பேண்டு, துணி கிளிப் எல்லாம் பயன்படுத்தியது உண்மைதான். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லவில்லை. 1930-களில் யூனிஸ் இங்காம் விரலாலேயே அழுத்தும் முறையை வளர்த்தார். அது போதும். ஆனால் நம் ஊர்ப் பொருட்காட்சியில் முள்ளு உருளை, கம்பிச் சுருள் மோதிரம் என்று வாங்கி, "வலிக்க வலிக்கத்தான் வேலை செய்யும்" என்று நசுக்குகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம்; தோல் கிழிந்ததுகூடத் தெரியாது, புண் சீக்கிரம் ஆறவும் ஆறாது. பேனா மூடி, பல்குச்சி, ஹேர்பின் எதுவும் வேண்டாம். இதமாக இருக்க வேண்டும், பல்லைக் கடிக்க வைக்கக் கூடாது. இதற்கு எலும்புத் தேய்மானத்தைச் சரிசெய்யும் சக்தியும் கிடையாது. இறுக்கம் தளர்ந்து கொஞ்சம் சுகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு கை வரைபடத்தில் தோள் சுண்டுவிரல் அடியில், இன்னொன்றில் ஆள்காட்டி விரல் அடியிலும் இருக்கிறது. எது சரி? (காட்பாடி)

பதில்: முதலாவது நான் சொல்லும் முறை. இரண்டாவது படம், கொரியாவின் பார்க் ஜே-வூ வகுத்த சுஜோக் முறை. அதில் ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் கைகள். கழுத்து இரண்டு முறையிலும் கட்டைவிரலில்தான் வரும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம். சீன அக்குபங்சர் மரபிலேயே கர்ப்பிணிகளுக்கு அந்த இடம் விலக்கு.

கேள்வி: அப்பாவுக்கு அறுபது வயது. இடது தோளில் இருந்து கைக்கு வலி இறங்குகிறது, வியர்க்கிறது. எத்தனை நிமிடம் அழுத்துவது? (பேரணாம்பட்டு)

பதில்: ஒரு நிமிடம்கூட வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். இதை எனக்குக் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கலாமா?

கேள்வி: பஸ்ஸில் போகும்போது அழுத்தலாமா? (வாலாஜா)

பதில்: உட்கார இடம் கிடைத்தால் தாராளமாக. நின்றுகொண்டு போனால் கம்பியைப் பிடியுங்கள்.