பைபிளின் சங்கீதங்களில் ‘பாக்கியவான்’ என்பதும் ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்’ என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல, எபிரேய மூலத்தில் இவை இரு வேறு சொற்கள். ‘பாரூக்’ என்பது ஆசி மொழி: 118ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய நாமத்தினாலே வருகிறவர் ஆசீர்வதிக்கப்பட்டவர் என்பது இச்சொல்லே; கடவுளை நோக்கி வரும்போது தமிழில் அது ‘ஸ்தோத்திரம்’ ஆகிறது. ‘பாக்கியவான்’ என்பதற்கு மூலச்சொல்லான ‘அஷ்ரே’ மனிதரைப் பார்த்து மட்டுமே சொல்லப்படுவது. அது ஆசி வழங்குவதில்லை, ஒருவருடைய வாழ்வைக் கண்டு ‘எத்தனை பாக்கியம்!’ என்று வியக்கிறது. இலக்கணப்படி அது பன்மை வடிவம் என்பதால், நிறைவான வாழ்வு என்ற பொருளும் அதில் தொனிக்கிறது.

முதல் சங்கீதம் எபிரேயத்தில் இந்த வியப்போடுதான் தொடங்குகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பிலோ, நடவாமலும், நில்லாமலும், உட்காராமலும் என்று நீளும் வாக்கியம் இரண்டாம் வசனத்தின் கடைசிச் சொல்லாகத்தான் ‘பாக்கியவான்’ என்பதைத் தருகிறது; வினையெச்சங்களை அடுக்கும் தமிழ் நடைக்கு அது இயல்பே என்றாலும், மூலத்தின் முதல் அதிர்வு தள்ளிப்போய்விடுகிறது.

இந்தப் பாக்கியம் துன்பமற்ற நிலையைக் குறிப்பதன்று. 32ஆம் சங்கீதத்தில் பாக்கியவான் எனப்படுபவன், பாவத்தை அடக்கிவைத்து எலும்புகள் உலர்ந்துபோன பிறகு, அதை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றவன். 84ஆம் சங்கீதத்தில் இச்சொல் மூன்று முறை வருகிறது: ஆலயத்தில் வாசமாயிருப்போருக்கும், அழுகையின் பள்ளத்தாக்கை உருவ நடந்து எருசலேமின் ஆலய மலையான சீயோனுக்குப் போகிறவர்களுக்கும், கடவுளை நம்பியிருக்கிற மனிதனுக்கும்.